மாட்டிறைச்சிக் கறிக்கு நான் கொடுத்த அழுத்தம்

கல்யாணம் முடித்து மனைவி வீட்டில் குடியேறும் எங்கள் கல்முனைக்குடி மாப்பிள்ளைமாருக்கு மரியாதையில் குறைவே இருக்காது. பேச்சுத் துணைக்குத்தான் பஞ்சம். என் மாமி பழைய காலத்து ஆள், புது மருமகனோடு நேருக்கு நேர் கதைக்கமாட்டார். திரையாகத் தொங்கும் கதவுச் சேலைக்குப் பின்னால் நின்றுகொண்டு என் மனைவி சஜீனாவிடம், "அவருக்கு இன்னும் சோறு வேணுமா எண்டு கேளுகா" என்பார். (அந்த 'அவர்' கைக்கெட்டும் தூரத்தில் வெறும் பீங்கான் தட்டோடு உட்கார்ந்திருப்பார்.)

எனக்கு இது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. எப்படியாவது மாமியை என்னோடு கதைக்க வைத்துவிட வேண்டும் என்று தவித்தேன்.

கத்தாரில் வேலை செய்யும் மகனுக்கு, அதாவது என் மச்சானுக்கு, ஊருக்கு வந்து திரும்புகிறவர்களிடம் மாமி இறைச்சிக் கறி கொடுத்தனுப்புவார். போன முறை அது வழியிலேயே பழுதாகிவிட, மாமி அழுதேவிட்டார்.

"இந்த முறை நான் பார்த்துக்கிறன்" என்றேன், கதவுச் சேலையைப் பார்த்து. சேலை லேசாக அசைந்தது. எனக்கு அதுவே போதும்.

உணவுத் தொழில்நுட்பம் படித்தவனில்லையா நான்? கறியில் கொஞ்சம் கராம்பு எண்ணெய் கலந்து, காற்றுப் போகாமல் பைகளில் அடைத்து, தண்ணீருக்குள் வைத்துக் கடுமையாக அழுத்த வேண்டும். அழுத்தம் கிருமியின் தோலைக் கீறும், எண்ணெய் உள்ளே புகுந்து மிச்சத்தை முடிக்கும். அதற்கென்று தொழிற்சாலைகளில் பெரிய இயந்திரம் இருக்கிறது. எங்களிடம் இருந்தது மாமாவின் லொறி கராஜ்.

"மருமகன், இது பெயாரிங் இறுக்கிற பிரஸ்" என்றார் மாமா.

"அழுத்தம் எல்லாம் ஒண்டுதான் மாமா" என்றேன். (படித்த திமிர்.)

தடித்த இரும்புக் குழாயில் தண்ணீரை நிரப்பி, பைகளை உள்ளே இறக்கி, மூடியை இறுக்கி, பிரஸ்ஸுக்கு அடியில் வைத்து அழுத்தினேன். மாமா புத்திசாலி, லொறிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். குழாய் முனகியது. அடுத்த கணம் மூடியின் ரப்பர் பிய்ந்து, பைகளும் வெடித்து, கறி முழுவதும் என் முகத்திலும் வெள்ளைச் சேர்ட்டிலும் பீறியடித்தது. கிருமிகள் என்ன ஆயின என்று தெரியாது. எனக்குக் கண் தெரியவில்லை.

மாமா என்னைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டிவந்தார். தலை முதல் கால் வரை சிவப்பாக வாசலில் நின்ற என்னைக் கண்டதும் கதவுச் சேலை கிழிகிற மாதிரி விலகியது. மாமி ஓடிவந்து என் இரண்டு கன்னங்களையும் பிடித்தார்.

"அல்லாஹ்வே, என்ட மனே, எங்க வெட்டின? ரெத்தமா ஓடுது, கதைங்க மனே."

நான் கண்ணைத் துடைத்தேன். எரிச்சல் பாதி, சந்தோஷம் பாதி.

"ரெத்தமில்ல மாமி. கறி."

மாமி விரலை மோந்து பார்த்தார். பிறகு வாசற்படியிலேயே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தேன்.

மச்சானுக்கு அந்த முறை கறி போகவில்லை, கதைதான் போனது. இப்போதெல்லாம் கத்தாருக்குக் கறி சமைத்தால், மாமி அதை என் கண் முன்னாலேயே அலுமாரியில் வைத்துப் பூட்டுகிறார். வீடே சிரிக்கும். பிறகு என் முகத்தை நேராகப் பார்த்து, "உங்களுக்கு வேற ஆக்கி வெச்சிரிக்கன் மனே, வாங்க தின்ன" என்கிறார்.