கோழிப்பண்ணையிலிருந்து வந்த பட்டாளத்துக் கார்

ஓவன் ரோடு,
சிங்கப்பூர்.
10-5-1959

என் மரியாதைக்குரிய அண்ணா அழகப்பன் அவர்களுக்கு, கடல் தாண்டி வந்தும் உங்கள் கைப்பிடியில் வளர்ந்ததை மறக்காத தங்கை சிவகாமசுந்தரி வணங்கி எழுதுவது. இங்கே நான், உங்கள் மாப்பிள்ளை, ஒரு கோழி, ஆக மூன்று பேரும் சௌக்கியம். அங்கே அண்ணியும் பிள்ளைகளும் குறைவில்லாமல் இருக்க முருகனை வேண்டுகிறேன். கோழி எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். அதைச் சொல்வதற்கு முன்னால் காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதம் கண்டவுடன் நீங்கள் உங்கள் மாப்பிள்ளைக்குக் கண்டிப்பாக ஒரு கடிதம் எழுத வேண்டும். அந்தக் காரை வெள்ளைக்கார மேஜரிடம் கொடுத்துவிட்டு மறுவேலை பாருங்கள் என்று எழுத வேண்டும். அவர் உங்கள் பேச்சு ஒன்றுக்குத்தான் கட்டுப்படுவார்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் பெண் பார்க்க வந்தவர் போனதும், "மாப்பிள்ளை ரொம்ப அமைதியானவர்" என்று சொல்லி நீங்கள்தான் முடித்து வைத்தீர்கள். அண்ணா, அமைதி நல்லதுதான், ஆனால் இவ்வளவா? சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் அவரைப் பிடித்துப்போய்ச் சயாமில் ரயில் பாதை போட வைத்தான், சண்டை முடிந்து உயிரோடு திரும்பினார், அதற்கு மேல் உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. துறைமுகத்தில் ஸ்டோர் கிளார்க் வேலைக்குப் போவார், வருவார், குளிப்பார், சாப்பிடுவார். "சரி", "உம்", "சாதம் போதும்" என்ற மூன்றையும் வைத்தே பன்னிரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியவர். நானும் பழகிக்கொண்டு, மீதிப் பேச்சையெல்லாம் ரேடியோவோடு பேசிக்கொண்டிருந்தேன்.

போன அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜாலான் புசாரில் லாரி ரிப்பேர் கடை வைத்திருக்கும் அப்துல் கஃபார் பாய் இவரை மீன் பிடிக்கப் பொங்கோலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மழை பிடித்துக்கொள்ள, ஒதுங்க இடம் தேடி ஒரு சீனத்தியின் கோழிப்பண்ணைக்குள் ஓடியிருக்கிறார்கள். அங்கே கொட்டகையில், மூங்கிலும் சாக்குமாக மூடிய ஒன்றின் மேல் இவர் சாய, சாக்கு நழுவி உள்ளேயிருந்து ஒரு பெரிய விளக்கு இவரைப் பார்த்ததாம். பார்த்ததாம் என்றுதான் சொன்னார். பாய் சாக்கை இழுத்துப் போட்டால் முழுசாக ஒரு கார்! ஹம்பர் கார், அண்ணா. பட்டாளத்துப் பெரிய அதிகாரிகள் ஏறிப்போக இங்கிலாந்தில் செய்தது, ஆறு சிலிண்டர், மேலே துணிக்கூரை. நாற்பத்திரண்டில் வெள்ளைக்காரன் ஊரை ஜப்பான்காரனிடம் விட்டுக்கொடுத்தபோது எவனோ ஒரு சிப்பாய் ரப்பர் மரங்களுக்குள் தள்ளிவிட்டுப் போயிருக்கிறான். சீனத்தி அதைக் கொட்டகைக்கு இழுத்து வந்து, பின் சீட்டைக் கோழிகளுக்குக் கொடுத்துவிட்டாள். "மருதப்பண்ணே, இந்தத் தீவுலயே இது ஒண்ணுதான்லா இருக்கும்" என்று பாய் இவரிடம் சொன்னாராம். அன்று வீட்டுக்கு வந்தவர் சோற்றில் கைவைத்தபடி, "சுந்தரி, ஒரு கார் பார்த்தேன்" என்றார். எனக்குக் கையிலிருந்த கரண்டி நழுவிவிட்டது. தானாக ஒரு பேச்சை அவர் தொடங்கி நான் கேட்டதே இல்லையே!

சீனத்தி தரமாட்டேன் என்றாள். என் கோழிகள் அதில்தான் முட்டையிடும், வேறெங்கும் இடாது, டா போலே, முடியாது போ என்று மலாயில் சொல்லிவிட்டாள். இவர் விடவில்லை. நாலு ஞாயிறு போய், சட்டையைக் கழற்றிவிட்டு, அவளுக்குப் புதிதாக ஒரு கோழிக்கூடு கட்டிக் கொடுத்தார். கூடு பிரமாதம், கோழிகள்தான் அதற்குள் போகவில்லை. கடைசியில் காரின் பின் சீட்டையே பெயர்த்துப் புதுக்கூட்டுக்குள் வைத்த பிறகு ஒவ்வொன்றாகப் போய் உட்கார்ந்தன. ஒரு கருப்புக் கோழி மட்டும் போகவில்லை. அதுதான் இப்போது எங்களோடு இருக்கிறது.

பாயின் லாரியில் கட்டி இழுத்து வந்த அன்று எங்கள் முற்றத்து வாசலில் கார் நுழையவில்லை. ஒரு பக்கத்துத் தூணை இடித்துத்தான் உள்ளே தள்ளினார்கள். மாடியில் இருக்கும் வீட்டுக்காரர் அம்பலவாணர், யாழ்ப்பாணத்து மனிதர், பல் துலக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தவர் துலக்குவதையே மறந்துவிட்டார். அப்புறம் ஆறு மாதம் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். கார்புரேட்டரை என் இட்லிப் பானையில் போட்டு வேகவைத்தார்கள். சாமி அலமாரியில் விநாயகருக்குப் பக்கத்தில் ஆறு ஸ்பார்க் பிளக்குகளை வரிசையாக வைத்தார், நானும் தெரியாமல் அவற்றுக்கும் சேர்த்துக் கற்பூரம் காட்டினேன். கூரைத்துணி கிழிந்து போயிருந்ததால் கித்தான் வாங்கி வந்து என் தையல் மெஷின் மேல் போட்டுவிட்டு நின்றார். தைத்துக் கொடு என்று கேட்கவும் இல்லை, போகவும் இல்லை. ஒன்பது ஊசி உடைத்துத் தைத்தேன். பம்பு வேலை செய்யவில்லை என்று அவரும் பாயும் இரண்டு வாரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டபோது, குழாயில் கோழி இறகு அடைத்திருப்பதைக் கண்டுபிடித்தது யார் என்று நினைக்கிறீர்கள்? அதை விடுங்கள்.

என்ஜின் ஓடாத நாளிலெல்லாம் உங்கள் மாப்பிள்ளை என்ன செய்வார் தெரியுமா? வேலை விட்டு வந்து குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, நிற்கிற காரில் ஏறி ஸ்டீரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்துவிடுவார். தேத்தண்ணி கொடுக்கப் போன என்னிடம், "ஏறு, கத்தோங் தாண்டிட்டோம்" என்றார். பைத்தியம் பிடித்துவிட்டது என்று பயந்துதான் ஏறினேன். சாயங்கால வெயில் கண்ணாடியில் மஞ்சளாகப் படிந்திருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காயப்போட்ட என் புடைவைகள் காற்றில் அலையலையாக எழும்ப, எனக்குமே கடற்கரை ஓரமாகப் போகிற மாதிரிதான் இருந்தது. பிறகு தினமும் போனோம். சாங்கி, ஜோகூர், மலாக்கா. ஒரு வாரம் பினாங்கு வரைக்கும் போய் வந்தோம். பாதி வழியில் சில நாள் தூங்கிவிடுவேன், வந்து சேர்ந்ததும் எழுப்புவார்.

ஒருநாள் அப்படி உட்கார்ந்திருக்கும்போது நல்ல மழை. நான் தைத்த கூரையில் தடதடவென்று அடித்தது, ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. அவர் கையை நீட்டித் துணியைத் தடவிப் பார்த்தார். "சயாம்ல இந்த மாதிரிதான் பெய்யும், சுந்தரி. அத்தாப்பு ஓலைக் கூரைக்குள்ள ஒழுகும். எம் பக்கத்துல பாண்டியன்னு ஒருத்தன் படுத்திருந்தான். காய்ச்சல். ராத்திரியெல்லாம் அவன் மூஞ்சியில தண்ணி விழாம நான் கையை வச்சிருந்தேன். விடிஞ்சு பார்த்தா அவன் இல்ல. அப்பவும் கையை எடுக்கல." இவ்வளவுதான் சொன்னார். மழை விடும்வரை நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அடுப்பில் குழம்பு தீய்ந்துபோனது, போகட்டும் என்று இருந்தேன்.

போன மாதம் கார் ஓடிவிட்டது. அதுதான் வம்பு. உங்கள் மாப்பிள்ளைக்கு லைசென்ஸ் கிடையாது, ஆகவே பாய் ஓட்ட, நாங்கள் புதுப் பின் சீட்டில் உட்கார்ந்து சிராங்கூன் ரோட்டில் போனோம். பெருமாள் கோயிலுக்குப் பக்கத்தில் ஹாரன் சிக்கிக்கொண்டு ஓயாமல் அலறியது, கார் நின்றுவிட்டது. தேர்தல் சமயம் அல்லவா, எதிரே ஒரு கூட்டத்தில் யாரோ வேட்பாளருக்காக மாலையோடு காத்திருந்தவர்கள் ஓடிவந்து இவர் கழுத்தில் போட்டுவிட்டார்கள். "பேசுங்கய்யா! பேசுங்கய்யா!" என்று ஒரே சத்தம். இவர் எழுந்து நின்றார். கூட்டம் அடங்கியது. "வண்டி நின்னுபோச்சு. எல்லாரும் கொஞ்சம் தள்ளுங்க" என்றார். "உண்மையைப் பேசுறாருய்யா!" என்று கைதட்டி, லவண்டர் ஸ்திரீட் வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

மறுநாள் அம்பலவாணர் இறங்கி வந்து, "பிள்ளை, இது வீடோ, பட்டறையோ? அடுத்த மாசக் கடைசிக்குள்ள ஒண்டில் கார் போகவேணும், இல்லாட்டி நீங்கள் போகவேணும்" என்று சொல்லிவிட்டார். அதே வாரம் தங்ளின் பட்டாள முகாமிலிருந்து ஒரு வெள்ளைக்கார மேஜர் கேள்விப்பட்டு வந்தார். சண்டையில் இதே மாதிரிக் காரில்தான் போனாராம், ஊருக்குக் கப்பலேற்றிக்கொண்டு போகிறேன் என்கிறார். உங்கள் மாப்பிள்ளை "எஸ் சார்" என்று சொல்லி அனுப்பினார். ஆனால் அன்று முதல் பழையபடி "சரி", "உம்". காரில் உட்காருவதும் இல்லை. கொடுக்கவும் மனசில்லை, மாட்டேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. வீடும் போய்விட்டால் நாங்கள் எங்கே போவோம்? ஆகவே நீங்கள் எழுதினால் மனசைத் தேற்றிக்கொண்டு கொடுத்துவிடுவார். அண்ணிக்கு என் வணக்கத்தையும் பிள்ளைகளுக்கு முத்தங்களையும் சொல்லுங்கள். உங்கள் முழங்கால் வலி தீர்ந்து, குடும்பம் தழைக்க வேண்டும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் சொல் தட்டாத தங்கை,
சிவகாமசுந்தரி

பின் குறிப்பு: அண்ணா, மூன்று நாளாக இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல் வைத்திருந்தேன். நேற்று மேஜர் வந்து காரில் ஏறி உட்கார்ந்தார். இவர் சாவியை நீட்டினார். மாவு பிசைந்த கையோடு ஓடிப்போய் நான் நடுவில் நின்று, "நோ! மை கார்!" என்றேன், எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுவதும் அதில் தீர்ந்தது. மேஜர் இவரைப் பார்த்தார். இவர் வாயைத் திறந்தார், அண்ணா, அரைமணி நேரம் மூடவில்லை. அவ்வளவும் இங்கிலீஷ். எனக்குப் புரிந்தது 'சயாம்' என்ற ஒரு சொல்தான். கேட்டுக்கொண்டே மேஜர் தொப்பியைக் கழற்றினார், பிறகு இறங்கி, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, எங்கள் இரண்டு பேருக்கும் கை கொடுத்துப் போனார். ஆகவே நீங்கள் கார் விஷயமாக ஒன்றும் எழுத வேண்டாம், எழுதினாலும் நான் கொடுக்கப்போவதில்லை. பாயா லேபாரில் பலகை வீடு பார்த்துவிட்டோம், முற்றம் பெரிது. பாய் தன் லாரியில் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கத் தொடங்கி இரண்டு மாதமாகிறது, வருகிற செவ்வாய்க்கிழமை பரீட்சை. புது வீட்டு எண் இன்னும் போடவில்லை, பேர் மட்டும் எழுதுங்கள் போதும். இந்தத் தீவில் யாரைக் கேட்டாலும் அந்தக் கார் நிற்கிற வீட்டைக் காட்டுவார்கள்.