பதினெட்டு டிகிரியில் வேர்க்குரு

குறைதீர்ப்புப் பிரிவின் கண்காணிப்பாளர் தமது முப்பது வருஷ உத்தியோகத்தில் ஒரு மனுவைக்கூடத் தொலைத்தவர் அல்லர். வந்த மனுவுக்கு எண் கொடுப்பார், கோப்பில் கட்டுவார், 'தக்க நடவடிக்கையில் உள்ளது' என்று பதில் அனுப்புவார். எழுத்தில் இல்லாதது உலகத்திலேயே இல்லை என்பது அவருடைய சித்தாந்தம். அப்பேர்ப்பட்டவர் வீட்டு ஏசி ஒரு செவ்வாய்க்கிழமை குளிராமல் போயிற்று.

சும்மா ஏசியா அது? தெருவில் எல்லாரும் மாட்டுகிறார்களே என்று மாட்டிய அதிபுத்திசாலி ஏசி. அறையில் எத்தனை பேர் என்று எண்ணும், செல்போனில் வணக்கம் சொல்லும், வெள்ளிக்கிழமை மழை வருமா என்று கேட்டால்கூட யோசித்துச் சொல்லும். குளிரவைக்க மட்டும் அதற்கு நேரமில்லை.

வேறு சமயமென்றால் கண்காணிப்பாளர் துண்டால் விசிறிக்கொண்டு காலத்தை ஓட்டியிருப்பார். மகள் நாலு மாதக் குழந்தையோடு வந்திருந்தாள். குழந்தையின் கழுத்து, முதுகு எல்லாம் வேர்க்குரு. மாப்பிள்ளை போனில் மரியாதையாகத்தான் சொன்னார்: "மாமா, ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா நான் வந்து ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போயிடறேன். தப்பா நினைக்காதீங்க." பேத்தி கண்காணிப்பாளரின் மீசையைப் பிடித்து இழுக்கக் கற்றுக்கொண்டு இரண்டு நாள்தான் ஆகிறது.

"முன் மூடியைத் தூக்கினா உள்ள ஒரு வலை இருக்கும். தூசி அடைச்சிருக்கும். கழுவி மாட்டினா தீர்ந்தது. என் தங்கச்சி மாசாமாசம் செய்யறா" என்றாள் மனைவி.

"உன் தங்கச்சிக்கு அந்த அதிகாரத்தை யார் கொடுத்தா?"

முறைப்படி புகார் பதிவு செய்தார். பதினாறு இலக்கத்தில் எண் வந்தது. எண்ணைப் பார்த்ததுமே பாதி உடம்பு குளிர்ந்தது அவருக்கு.

வியாழக்கிழமை மெக்கானிக் வந்தார். ஏசியைப் பார்க்கவில்லை, தன் செல்போனைப் பார்த்தார்.

"பதினெட்டு காட்டுதே சார். நல்லா இருக்கு."

"வேர்க்குதே, தம்பி."

"வேர்க்கிறது சிஸ்டத்துல வராது சார்."

கண்காணிப்பாளரின் தலை தன்னையறியாமல் ஆடியது. நியாயம்தானே.

"அந்த மூடியைத் திறந்து பாருங்களேன்" என்றாள் மனைவி.

"நான் ஆய்வுப் பிரிவும்மா. திறக்கறது வேற பிரிவு. ஆய்வு முடிஞ்சாத்தான் அவங்க வருவாங்க."

"ஆய்வு எப்ப முடியும்?"

"உங்க புகார் தீர்ந்ததும்."

இப்படியொரு வாசகம் முப்பது வருஷமாகத் தமக்குத் தோன்றவில்லையே என்று கண்காணிப்பாளர் மனசுக்குள் பொறாமைப்பட்டார்.

மெக்கானிக் அறிக்கை எழுதிக் கையில் கொடுத்தார். 'கருவி பதினெட்டு டிகிரி காட்டுகிறது. சுவரிலுள்ள வெப்பமானி முப்பத்தொன்று காட்டுகிறது. ஆகவே வெப்பமானி பழுது. பரிந்துரை: அறையில் ஆள்களைக் குறைக்கவும்.'

"ஒவ்வொரு ஆளும் ஒரு அடுப்பு மாதிரி சார். சூடு விட்டுக்கிட்டே இருப்பாங்க."

"குழந்தை கூடவா?"

"குழந்தைக்கு அரை ஆள் கணக்கு."

போகும்போது மூடியின் மேல் ஒரு சீட்டு ஒட்டினார்: 'ஆய்வில் உள்ளது. திறக்கக் கூடாது.'

சனிக்கிழமை மகள் ஸ்டூல் போட்டு ஏறி மூடியில் கை வைத்துவிட்டாள். கண்காணிப்பாளர் குளியலறையிலிருந்து ஈரத்தோடு ஓடிவந்தார்.

"அப்பா, இவ முதுகைப் பாருங்க."

பார்த்தார். கண் கலங்கித்தான் போயிற்று.

"முத்திரைம்மா அது. நாம கிழிச்சா, நாமதான் கெடுத்தோம்னு எழுதிடுவாங்க. எழுதிட்டா அழிக்க முடியாது."

நினைவூட்டு ஒன்று அனுப்பினார். நினைவூட்டு இரண்டு, 'மிக அவசரம்' என்று தலைப்பிட்டு. பதில் வரும்வரை குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மெக்கானிக் கொடுத்த அறிக்கையாலேயே சாயங்காலம் வரை விசிறினார். கை கடுத்தது. நல்ல கெட்டிக் காகிதம், காற்று சுமாராக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை சொன்னபடி வந்துவிட்டார். பை, தொட்டில், பால் புட்டி எல்லாம் காரில் ஏறின. குழந்தை கடைசியாக ஒரு தரம் மீசையைப் பிடித்தது. மகள்தான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள்.

கார் திரும்பியதும் மனைவி உள்ளே வந்தாள். ஸ்டூலில் ஏறி, சீட்டைப் பர்ரென்று கிழித்து, வலையை உருவினாள். கம்பளி கனத்துக்குத் தூசி. குழாயடியில் கழுவி, உதறி, மாட்டினாள். கண்காணிப்பாளர் தடுக்கவில்லை. பத்தே நிமிஷம், அறை ஜில்லென்று ஆகிவிட்டது. இருவரும் காலியான கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள்.

செல்போன் கிணுகிணுத்தது.

'மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே, எங்கள் பரிந்துரையை ஏற்றுத் தாங்கள் அறையில் ஒன்றரை ஆளைக் குறைத்ததன் பயனாக, குளிர்ச்சி சீரடைந்துள்ளது. தங்கள் குறை தீர்க்கப்பட்டது. திருப்தியா? ஆம் / இல்லை.'

முடிந்த கோப்பைக் கண்டால் குளிர்ந்துபோகிற விரல் கண்காணிப்பாளருடையது. மனசு யோசிப்பதற்குள் 'ஆம்' என்று அமுக்கிவிட்டது.

மனைவி அதைப் பார்த்தாள். போர்வையை இழுத்துத் தோளில் சுற்றிக்கொண்டாள்.

"உங்க ஆபீஸுக்கு வந்தவங்களும் இப்படித்தான் திருப்தின்னு எழுதிக் கொடுத்தாங்களா?"

"எல்லாரும் கொடுத்தாங்க. முப்பது வருஷத்துல ஒருத்தர் பாக்கியில்லை" என்றார். செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார்: "இவங்களாவது பரவாயில்லை. எங்க படிவத்துல 'இல்லை'ங்கிற கட்டமே கிடையாது."