நாக்கு சாருக்கு மூக்கு அடைத்த மாதம்

இந்த ரகசியம் தன்னோடு போகட்டும் என்று நாக்கு சார் முடிவு கட்டிவிட்டார். முக்கியமாக, மனைவி காதுக்குப் போகவே கூடாது.

நாக்கு சார் என்பது பத்திரிகை ஆபீஸில் அவருக்கு வைத்த பெயர். நகரத்தில் இருக்கிற ஆயிரத்தெட்டு ஹோட்டல்களில் 'இந்த மாதம் எங்கே சாப்பிடலாம்?' என்று எழுதுகிறவர் அவர்தான். அவர் பிரமாதம் என்றால் மறுநாள் வாசலில் கூட்டம் நெரியும். உப்புச் சப்பில்லை என்றால் முதலாளி உட்கார்ந்து ஈ ஓட்ட வேண்டியதுதான். அப்பேர்ப்பட்டவருக்கு ஒரு ஜலதோஷம் வந்தது. வந்தது போனது. ஆனால் சும்மா போகவில்லை. வாசனையையும் ருசியையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. காபியும் வெந்நீர், சூப்பும் வெந்நீர். ரொட்டி வெறும் அட்டை.

ஆபீஸில் தெரிந்தால் வேலை போய்விடும். வீட்டில் தெரிந்தால் அதைவிட ஆபத்து. மனைவி, காது மூக்கு தொண்டை ஆஸ்பத்திரியில் நர்ஸ். எவர் மூக்கு கிடைக்கும் என்று டார்ச் லைட்டோடு அலைகிறவள்.

யோசித்து யோசித்து ஒரு திட்டம் போட்டார். இந்த மாதம் அவளையும் ஹோட்டலுக்கு அழைத்துப் போவது. அவள் வாயைக் கிளறி, வருவதையெல்லாம் எழுதிவிடுவது.

"நான் எதுக்குங்க? இத்தனை வருஷத்துல ஒருநாளாவது கூப்பிட்டிருக்கீங்களா?"

"அதான் இப்ப கூப்பிடறேனே. உனக்குன்னு நான் என்னதான் செஞ்சிருக்கேன்?"

"அதைத்தான் நானும் யோசிச்சுட்டிருக்கேன்."

புதிதாகத் திறந்த ஹோட்டல். யாரும் தன்னை அடையாளம் கண்டுவிடக் கூடாதென்று, இந்த மாதிரி இடங்களில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வார். ஆக, மூக்கும் இல்லை, கண்ணும் இல்லை. மெனு கார்டு பனிமூட்டமாகத் தெரிந்தது.

"நீயே பாத்துச் சொல்லும்மா" என்று பெருந்தன்மையாக அவள் பக்கம் தள்ளினார்.

பொன்னிறமாக ஏதோ வந்தது. வாயில் போட்டார். பஞ்சு.

"எப்படி இருக்கு?" என்று மெல்ல ஆரம்பித்தார்.

"நீங்க சொல்லுங்க. நீங்கதானே நாக்கு."

"நான் முதல்ல சொல்லிட்டா உன் அபிப்பிராயம் கெட்டுப்போயிடும்."

அவள் நிதானமாக மென்றாள். அவரையே பார்த்தாள். "மீன் பிரமாதங்க. இப்பத்தான் பிடிச்சுக் கொண்டாந்த மாதிரி இருக்கு. ஒரு முள்ளு இருக்கா பாருங்க!"

"நானும் அதையேதான் நினைச்சேன்!"

மறுநாள் காலை எழுதி முடித்தவர், அனுப்புவதற்கு முன்னால் அவளுக்கே வாசித்துக் காட்டினார். அவள் யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"கடலின் ஈரம் காயாத மீன். பல்லில் பட்டதும் கரைந்து, நாக்கில் அலையடிக்கிறது..."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அந்த மீன் எந்தத் தோட்டத்துல முளைச்சுதுங்க?"

"முளைச்சுதா?"

"அது காலிஃப்ளவர். அந்த ஹோட்டல் சுத்த சைவம். வாசல்ல ஆளுயரத்துக்கு எழுதி வச்சிருக்கான்."

அடைபட்ட மூக்கு அங்கேயே உடைபட்டது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ரெண்டு வாரமா என் சமையலை நீங்க ஒரு குறை சொல்லலை. உடம்பு சரியா இருந்தா அப்படி விடற ஆளா நீங்க? மூக்குல ஏதோ கோளாறுன்னு அப்பவே புரிஞ்சுபோச்சு. நீங்களா சொல்வீங்கன்னு பாத்தேன். கடைசியில இல்லாத மீனை வச்சுத் தூண்டில் போட வேண்டியதாப் போச்சு" என்று சிரித்தாள்.

நாக்கு சார் காகிதத்தைக் கீழே வைத்தார். "இனிமே வரவே வராதோன்னு பயமா இருக்கும்மா. எனக்குத் தெரிஞ்ச வேலை இது ஒண்ணுதானே."

அவள் சிரிப்பை நிறுத்தினாள். இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு வந்து, "கிளம்புங்க" என்றாள்.

அன்றே அவளுடைய டாக்டர் பார்த்தார். உள்ளே வீக்கம்தானாம், வற்றினால் வாசனை தானாகத் திரும்பிவிடுமாம். நாக்கு சார் விட்ட பெருமூச்சில் டாக்டரின் திரைச்சீலை ஜன்னலைத் தாண்டிப் பறந்தது.

அந்த மாதக் கட்டுரையை அவளே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தாள். அவர் பெயரில்தான் வந்தது. வெளியான அன்று ஆசிரியர் போன் செய்தார். விஷயம் தெரிந்துவிட்டதோ என்று பயந்துகொண்டே எடுத்தார்.

"சார், காலையிலேர்ந்து போன் ஓயலை. வாசகர்கள் அத்தனை பேரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்றாங்க!"

ஆசிரியர் குரலில் உற்சாகம். அப்படியானால் கண்டுபிடிக்கவில்லை! அவருக்கு உயிர் திரும்பி வந்தது. "என்னவாம்?"

"இத்தனை வருஷத்துல இப்பத்தான் நீங்க ருசி பாத்து எழுதியிருக்கீங்களாம்!"