கேரண்டி அண்ணையின் மோட்டார் வழக்கு

சிங்கப்பூரில் எழுத்தில் வாங்காமல் மழையைக்கூட நம்பாத ஒரே மனிதர் எங்கள் கேரண்டி அண்ணைதான். யாழ்ப்பாணத்துக்காரர்; கப்பல் கம்பெனியில் எனக்கு மூத்த கிளார்க். முடிவெட்டுகிறவரிடமே, "மூண்டு கிழமைக்கு வளராது எண்டு எழுதித் தருவீரோ?" என்று கேட்டவர்.

சிராங்கூன் ரோட்டு மாடுகள் மோட்டாரைக் கண்டு மிரண்ட காலம் அது. அண்ணை ஒரு மோட்டார் கார் வாங்கினார். ஆறு மாத உத்தரவாதப் பத்திரத்தை மூன்று முறை படித்த பிறகே வண்டியை ஏறிட்டுப் பார்த்தார்.

மூன்றாம் மாதம் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவ வலி. அவள், புருஷன், மாமியார், இரண்டு நாத்தனார்கள், துணைக்கு இரண்டு பெண்கள் எல்லாரும் ஏறிவிட்டார்கள். அண்ணை ஓட்ட, நான் வெந்நீர்ச் செம்போடு வெளிப்படியில் தொங்கினேன். ஆஸ்பத்திரி கண்ணில் பட்டதும் மேட்டில் 'கடக்' என்றது. வண்டி நின்றது. உள்ளேயே குழந்தை பிறந்தது.

விற்ற ஏஜென்ட் கையை விரித்தார். "அளவுக்கு மீறி ஆள் ஏத்தினா உத்தரவாதம் கிடையாது சார்."

பத்திரத்திலோ, தகராறு வந்தால் மத்தியஸ்தர் தீர்ப்பே முடிவு என்றிருந்தது. கப்பல் எஞ்சின் பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரை இருவரும் மத்தியஸ்தராக ஒப்புக்கொண்டார்கள். சாட்சி நான். உண்மையைச் சொன்னால் அண்ணை வண்டி போச்சு.

"எத்தனை பேரு லா ஏறினீங்க?" என்றார் பெரியவர், சிங்கப்பூர்ப் பேச்சின் 'லா'வை விடாமல்.

நான் அண்ணையைப் பார்த்தேன். அண்ணை முறைத்தார். "உண்மையைச் சொல்லும் தம்பி. பொய்க்கு ஆர் கேரண்டி தாறது?"

"ஒன்பது" என்றேன். ஏஜென்ட் முகம் மலர்ந்தது.

"ஏறினது ஒன்பது, இறங்கினது பத்து. அதையும் எழுதுங்கோ" என்றார் அண்ணை.

பெரியவர் சிரிக்கவில்லை. கியர்ப் பெட்டியைத் திறக்கச் சொல்லி, உடைந்த சக்கரப் பல்லை வெயிலில் திருப்பிப் பார்த்தார். "புதுசா உடைஞ்சிருந்தா முழுக்கப் பளபளன்னு இருக்கும். இதுல பாதி கறுத்திருக்கு. விக்கும்போதே விரிசல். ஏஜென்ட் புதுசு போட்டுக் கொடுக்கணும்."

அண்ணை துள்ளினார்.

"இருங்க. இத்தனை பேரை ஏத்தினது தப்பு. ஏறினவங்களே பட்டறை வரைக்கும் தள்ளணும்."

"தாய்க்கும் பிள்ளைக்கும் விலக்கு வேணும். எழுத்திலை தாங்கோ!"

எழுதிக் கொடுத்தார். நாங்கள் தள்ளினோம். பாதி வழியில் ஏஜென்டும் கோட்டைக் கழற்றிவிட்டுத் தோள் கொடுத்தார். அண்ணை ஸ்டீரிங்கைப் பிடித்தபடி, "மெல்ல, மெல்ல, ஆருக்கும் மூச்சு வாங்கக்கூடாது" என்று எங்களுக்காகவே கவலைப்பட்டுக்கொண்டு வந்தார்.

அன்று அவர் சொல்லியிருந்தால், கடலுக்கு அக்கரையிலுள்ள ஜோகூர் வரைக்கும் தள்ளியிருப்பேன்.