தங்கள் வீட்டு ஃப்ளஷ் தொட்டியைப் பிரித்துப் போட்டது பற்றி

பெருமதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘சம்பந்தி’ என்றுதான் முதலில் எழுதினேன். அந்த உரிமை இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று சந்தேகம் வந்து அடித்துவிட்டேன். நான் நலம். தங்கள் நலமும், துணைவியார் நலமும், தங்கள் வீட்டுக் குளியலறையின் நலமும் அறிய ஆவல். கடைசியாகச் சொன்னதைப் பற்றித்தான் இந்தக் கடிதமே.

தங்கள் வீட்டு விருந்து முடிந்து இத்தனை நாளாகியும் கல்யாணத் தேதி பற்றி ஒரு பேச்சும் இல்லை. விருந்துக்கு முன்னால் போனில், “சாப்பிட்டுக்கிட்டே தேதிய முடிவு பண்ணிடலாம்” என்று சொன்னவர் தாங்கள். மகளைக் கேட்டால், “கொஞ்சம் பொறுங்கப்பா” என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். தங்களுக்குக் கோபம் என் மேல்தான் என்று புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டுமா, குழாய் ரிப்பேர்க்காரன் மூளையே போதும். ஒரே மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்து ஒருவரையொருவர் பிடித்துப்போன இரண்டு பிள்ளைகளின் வாழ்க்கை என் வயிற்றால் கெடக் கூடாது. ஆகவே மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு உண்மையை எழுதுகிறேன்.

எனக்குப் பெருங்குடல் கிடையாது. பல வருடமாகப் புண்ணாகி ரத்தம் ரத்தமாகப் போய்க்கொண்டிருந்ததால், அதை முழுசாக எடுத்துவிட்டார்கள். சிறுகுடலின் கடைசிப் பகுதியை மடித்துத் தைத்து, உள்ளேயே ஒரு பை செய்து, பழைய வாசலிலேயே இணைத்திருக்கிறார்கள். அந்தப் பை ஆங்கில ஜே எழுத்து மாதிரி வளைந்திருப்பதால் அதற்கு ஜே பவுச் என்று பெயர். ஊரெல்லாம் குழாய் மாற்றிக் கொடுத்தவனுக்கு டாக்டர் குழாய் மாற்றிக் கொடுத்தார். வேலை சுத்தம், தொழில் தெரிந்தவன் என்ற முறையில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தண்ணீரை உறிஞ்சிக் கெட்டியாக்குவது பெருங்குடல் பார்த்த வேலை. அது இப்போது என் சாப்பாட்டின் தலையில் விழுந்திருக்கிறது. வெள்ளைச் சோறு, வாழைப்பழம், அவித்த உருளைக்கிழங்கு, ரொட்டி, இதெல்லாம் கட்டும். பச்சைக் காய்கறி, சோளம், கொட்டை, பழச்சாறு, காரம், இதெல்லாம் கட்டியதை அவிழ்த்துவிடும். ஊரில் எல்லாரும் போகவில்லை போகவில்லை என்று அழுகிறார்கள், நான் போதும் போதும் என்று அழுகிறேன். ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவையோடு நின்றால் அன்றைக்கு எனக்கு நல்ல நாள்.

இதை முன்னாடியே சொல்லித் தொலைத்திருக்கலாம். மகளும் சொல்லச் சொன்னாள். “முதமுதல்ல சாப்பிடப் போற வீட்டுல இதையா பேசுவாங்க?” என்று அவள் வாயை நான்தான் அடைத்தேன். அது போதாதென்று, வயிறு காலியாக இருந்தால் வம்பே இல்லை என்று கணக்குப் போட்டு, காலையிலிருந்து பட்டினி கிடந்து வந்தேன். “பட்டினி மட்டும் போடாதீங்க, காத்துதான் சேரும்” என்று ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு யோசனை சொல்லும் அம்மா தலையில் அடித்துக்கொண்டு சொல்லியிருந்தார். சேர்ந்தது. தங்கள் கூடத்தில் பேசிக்கொண்டிருந்தபோது, “மாடியில யாரோ கட்டில இழுக்குறாங்க போல” என்று தாங்கள் அண்ணாந்து பார்த்தீர்களே, அது கட்டில் அல்ல, நான்.

மேசையைப் பார்த்ததும் எனக்குக் கண்ணைக் கட்டிவிட்டது. பச்சைக் காய்கறிக் கலவை, வேகவைத்த சோளம், வறுத்த கொட்டைகள், தோலோடு பழங்கள், ஆரஞ்சுச் சாறு. டாக்டர் ஆகாது என்று சொன்ன அத்தனையும் அழகாகத் தட்டில் அடுக்கி இருந்தது. “நம்ம வயசுல வயிறு சுத்தமா போகணும்ணே, கூச்சப்படாம அள்ளிப் போட்டுக்குங்க” என்றார் துணைவியார். அண்ணே என்று அன்பாகக் கூப்பிட்டவரிடம் எப்படி வேண்டாம் என்பது? சோளத்தைத் தின்றேன். சாற்றையும் குடித்தேன்.

முதல் தடவை, “கை கழுவிட்டு வர்றேன்” என்று எழுந்தேன். அடுத்த தடவைக்கு வேறு காரணம் வேண்டுமே! “உள்ள தண்ணி ஒழுகுற சத்தம் கேட்டுச்சு, தொழில் புத்தி விடமாட்டேங்குது, ஒரு பார்வை பாத்துட்டு வந்துடறேன்” என்று வாயில் வந்ததை உளறினேன். அதற்கும் அடுத்த தடவை வெறுங்கையோடு போனால் நம்ப மாட்டீர்கள் என்று தங்களிடமே ஸ்க்ரூடிரைவர் வாங்கிக்கொண்டு போனேன். பொய்க்கு ஒரு சாட்சி வேண்டாமா? ஃப்ளஷ் தொட்டியின் மூடியைக் கழற்றினேன், மிதவையைக் கழற்றினேன், வால்வையும் கழற்றித் தரையில் வரிசையாக வைத்தேன். நிம்மதியாக மூச்சு விட்டபோதுதான் மறுபடியும் வந்தது. தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. வாளியில் பிடித்து ஊற்றி ஒருவழியாகச் சமாளித்தேன். ஆனால் பதற்றத்தில் வால்வைக் கோணலாக மாட்டிவிட்டேன். அது பீய்ச்சி அடித்து, தண்ணீர் கதவுக்கு அடியில் புகுந்து கூடத்துக்கே வந்துவிட்டது.

“நல்லாத்தானே இருந்துச்சு! நம்ம வீட்டுல அப்படி என்ன குறை கண்டாரு இவரு?” என்று துணைவியார் கேட்டது கதவுக்குள் எனக்குத் தெளிவாகக் கேட்டது. “மெதுவாப் பேசு, மனுஷன் காதுல விழுந்துடப் போகுது” என்று தாங்கள் சொன்னதும் கேட்டது. அதற்குப் பிறகு காபிகூடக் குடிக்காமல், “அவசர வேலை” என்று சொல்லி ஓடிவந்துவிட்டேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. ஐயா, தங்கள் வீட்டில் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் என் வயிற்றில்தான், அதைச் சொல்ல வெட்கப்பட்ட என் புத்தியில்தான். என் மகளைக் குறை சொல்லாதீர்கள். அவள் அம்மா போன பிறகு நான் தைரியமாக நடமாடுவதே அவளால்தான். புதுத் தொட்டி ஒன்றை நானே கொண்டுவந்து மாட்டித் தருகிறேன். என்னால் சங்கடம் என்றால் கல்யாணத்துக்குப் பிறகு தங்கள் வீட்டுப் பக்கமே வர மாட்டேன். மகளை வெளியில் எங்காவது பார்த்துக்கொள்கிறேன். கல்யாணத்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

துணைவியாருக்கு என் மன்னிப்பையும், மாப்பிள்ளைக்கு (அப்படி அழைக்க இன்னும் அனுமதி இருந்தால்) என் ஆசியையும் சொல்லவும். தங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் சாப்பிட்டது ஒழுங்காகச் செரிக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் கூடத்தை நனைத்தவன்

பி.கு.: மேலே எழுதியது அத்தனையும் தண்டம். தப்புத் திருத்தச் சொல்லி மகளிடம் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே படித்தவள் பாதியில் அழுதுவிட்டாள். தாங்கள் யாரும் கோபமாகவே இல்லையாம். என் பை விஷயத்தை விருந்துக்கு மறுநாளே அவள் தங்களிடம் சொல்லிவிட்டாளாம். துணைவியார், “அடப்பாவமே, அந்தச் சோளத்தைப் போயி வச்சேனே” என்று வருத்தப்பட்டாராம். தேதியைத் தள்ளிப்போடச் சொன்னது என் மகளேதானாம். “நான் போயிட்டா உங்களுக்கு யாருப்பா பாத்துப் பாத்துச் சமைப்பா? ஒரு வருஷம் போகட்டும்னு நான்தான் அவங்ககிட்ட கெஞ்சிக் கேட்டேன்” என்கிறாள். ஐயா, அவள் வாழ வேண்டிய வருஷத்தை என் வயிற்றுக்குப் போடச் சம்மதிக்க மாட்டேன். அவளைக் கேட்காமல் சீக்கிரமாக ஒரு தேதியை முடிவு செய்யுங்கள். அவள் அழுதால் நான் பார்த்துக்கொள்கிறேன். இப்போதுகூட அடுப்படியில் எனக்காகச் சோற்றைக் குழைய வேகவைத்துக்கொண்டிருக்கிறாள், அந்த நேரத்தில்தான் இதை எழுதுகிறேன். நாளையிலிருந்து நானே வைத்துக்கொள்வேன். தீய்ந்தாலும் பரவாயில்லை, எனக்குக் கெட்டியாகத்தானே வேண்டும்.