பொட்டுக்கு ஒதுங்கும் விண்டோ

மொத்தக் கிலோ சாமிப் பொட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டது.

சுதர்ஷினி நாற்காலியை வலப்பக்கம் தள்ளிப் பார்த்தாள். இடப்பக்கம் தள்ளிப் பார்த்தாள். எழுந்து நின்று மேலிருந்தும் பார்த்தாள். எங்கிருந்து பார்த்தாலும் மேல் டிவிசனில் இன்று எடுத்த கொழுந்து எவ்வளவு என்பது தெரியவில்லை. கம்பியூட்டர் கண்ணாடியில், நடுவிலிருந்து சற்று இடப்பக்கமாக, கொய்யாப்பிஞ்சு அளவுக்குச் செம்பழுப்பாகக் காய்ந்து ஒட்டியிருந்தது அந்தப் பொட்டு.

கைக்குட்டையின் நுனியை நனைத்துக்கொண்டு கையை நீட்டினாள். பின்னாலிருந்து குரல் வந்தது.

"கைய எடு புள்ள."

பெரிய கிளாக்கர் ஐயாவு. பெல்மதுளைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் மேனேஜர் துரைக்கு அடுத்தபடி அவர்தான். துரை பங்களாவில் இருக்கும் நேரத்தில் துரையும் அவர்தான்.

"நம்பர் தெரியலீங்க ஐயா."

"சரஸ்வதி பூசைக்கு நம்ம ஆபீஸ் கூட்டுற வெள்ளையம்மா வச்ச பொட்டு இது. தராசுல வச்சா, டைப்ரைட்டர்ல வச்சா, ஜீப்புல வச்சா. எதையாச்சும் நாம அழிச்சோமா?"

"தராசுல முள்ளு மேல வைக்கலீங்களே."

ஐயாவு அதைக் காதில் வாங்கவில்லை. "இது வந்த மறுநாள்லேருந்து மழ விட்டிருச்சு, கொழுந்து கொட்டுது. அடுத்த பூச வரைக்கும் யாரும் தொடப்படாது. கம்பியூட்டர் படிச்ச புள்ளதானே நீ? நம்பர நகத்திக்க."

சொல்லிவிட்டு, தினமும் காலையில் செய்வது போல, விரலைத் திரைக்கு நேரே காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

இரத்தினபுரியில் விசுவல் பேசிக் படித்துவிட்டு வந்தவள் சுதர்ஷினி. கொழுந்துக் கணக்குக்கு ஒரு புரோகிராம் எழுதித் தருகிறேன் என்று சொல்லித்தான் தற்காலிகமாகச் சேர்ந்தாள். சனிக்கிழமை துரை வந்து பார்ப்பார். சரி என்றால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் அவிசாவளைப் பக்கம் கார்மெண்டில் காலர் தைக்க வேண்டியதுதான். அக்காள் விஜயகலா அங்கே இவளுக்கும் ஒரு மெசினைச் சொல்லி வைத்திருந்தாள். துரையிடம் சிபாரிசு செய்ய வேண்டியவர் ஐயாவு. பொட்டு அழிந்தால் சிபாரிசும் அழியும்.

முதலில் எளிதாகத்தான் தோன்றியது. புரோகிராம் திரையில் திறக்கும் கட்டத்துக்கு விண்டோ என்று பெயர். அதை நகர்த்த ஒரு கட்டளை இருக்கிறது. இடப்பக்கத்திலிருந்து இவ்வளவு, மேலிருந்து இவ்வளவு என்று இரண்டு எண் கொடுத்தால் போய் உட்காரும். கொடுத்தாள். விண்டோ பொட்டைத் தாண்டி வலப்பக்கம் போய் உட்கார்ந்தது. பாதி உடம்பு திரைக்கு வெளியே போய்விட்டது.

"மொத்தம் தெரியுது," என்றார் ஐயாவு. "சேவ் பண்ற பொத்தான் எங்க?"

"வெளிய இருக்குங்க."

"வெளியன்னா, வெராந்தாவுலயா?"

அடுத்ததாக அகலம், உயரம் என்று இன்னும் இரண்டு எண் கொடுத்து விண்டோவைச் சுருக்கினாள். அதற்குள் எல்லாம் அடங்க வேண்டுமே என்று எழுத்தையும் சுருக்கினாள். இப்போது எல்லாமே திரைக்குள் இருந்தன. ஐயாவு மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். பிறகு அதைக் கழற்றித் திரைக்கு முன்னால் கையில் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

"எறும்பு ஊருது புள்ள. இதுல எது எட்டு, எது மூணு?"

"பழகிரும் ஐயா."

பழக அவர் காத்திருக்கவில்லை. விண்டோவின் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் பெரிதாகும் என்று அவளே முந்தின வாரம் சொல்லிக் கொடுத்திருந்தாள். அவர் கற்றுக்கொண்ட ஒரே கம்பியூட்டர் வித்தை அது. இழுத்தார். விண்டோ நேராகப் போய்ப் பொட்டுக்கு அடியில் நுழைந்தது.

ஐயாவு கம்பியூட்டர் எலியைக் கையிலிருந்து விட்டுவிட்டார்.

"சாமிக்கு அடியில போவுது. இது தப்பு. யாரு இழுத்தாலும் அங்க போகாம பண்ணு. எலி நகந்தா ஓடுற இந்த அம்பும் சாமி மேல ஏறப்படாது. நானும் பாக்குறேன், பூச முடிஞ்சதுலேருந்து குத்திக்கிட்டே இருக்கு."

சுதர்ஷினி அடிமட்டத்தை எடுத்துவந்து பொட்டை அளந்தாள். அடிமட்டம் பொட்டில் படக்கூடாது என்ற நிபந்தனையோடு ஐயாவு அனுமதித்தார். அந்த அளவை வைத்து ஒரு விதி எழுதினாள்: விண்டோவின் அளவு மாறும்போதெல்லாம் பார், பொட்டில் பட்டால் கொஞ்சம் தள்ளு, கொஞ்சம் சுருக்கு.

சுருக்குவதும் அளவு மாறுவதுதான் என்பதை அவள் மறந்துபோனாள். விண்டோ ஒருமுறை சுருங்கியது. சுருங்கியதால் விதி மறுபடி ஓடியது. ஓடியதால் மறுபடி சுருங்கியது. உப்புப் பட்ட அட்டை மாதிரி அது துடித்துச் சுருண்டுகொண்டே போய், கீழ் மூலையில் ஒட்டிக்கொண்டு, கம்பியூட்டரையும் சேர்த்து நிறுத்தியது. காலையிலிருந்து அடித்த கொழுந்துக் கணக்கு முழுவதும் அதோடு போயிற்று.

"பாத்தியா," என்றார் ஐயாவு. "கோவம் வந்திருச்சு."

"எனக்கா, சாமிக்கா ஐயா?"

ஐயாவு டெலிபோனை எடுத்து, கம்பியூட்டரை விற்ற மர்சூக்கைக் கூப்பிட்டார். பெல்மதுளைச் சந்தியில் கடை வைத்திருக்கும் மர்சூக் அன்று மாலையே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். திரையைப் பார்த்தார். ஐயாவு அந்தப் பக்கம் போகும் வரை பொறுத்திருந்தார்.

"தங்கச்சி, இதத் தொடச்சா முடிஞ்சிதானே?"

"தொடைங்க நானா," என்றாள் சுதர்ஷினி, முஸ்லிம் அண்ணன்மாரை அந்தப் பக்கத்தில் கூப்பிடும் முறையில். அந்த வாரத்தில் அவளுக்கு வந்த முதல் நம்பிக்கை அது. கைக்குட்டையையும் நீட்டினாள்.

மர்சூக் ஓரடி பின்னால் போனார். "நான் தொடமாட்டேன். இது ஒங்கட சாமி விசயம். மர்சூக் வந்து பொட்ட அழிச்சிட்டான்னு நாளைக்குக் கத வரும். எனக்குச் சந்தியில கட ஈக்குது."

அவர் திரைக்குக் கீழே இருந்த திருகைத் திருப்பினார். படம் முழுவதும் அப்படியே வலப்பக்கம் நகர்ந்தது. இடப்பக்கம் கறுப்புப் பட்டை ஒன்று விழுந்து, பொட்டு அதற்குள் தனியாக நின்றது. திரும்பி வந்த ஐயாவுக்குப் பரம திருப்தி. வலப்பக்கத்தில் படத்தின் பாதிக்குக் கிட்ட ஓரச் சட்டத்துக்குள் புதைந்துபோயிருந்தது. மிச்சமிருந்த எழுத்துகள் சரிவில் நட்ட தேயிலை மாதிரிச் சாய்ந்து நின்றன.

"விண்டோவ மூடுற பொத்தான் எங்க நானா?"

"மூடாதீங்க," என்றார் மர்சூக், மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டே.

அவர் போனதும் திருகைப் பழைய இடத்துக்குத் திருப்பினாள். வெள்ளிக்கிழமை பகல் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே உட்கார்ந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு எழுதினாள். ஒரு விண்டோவுக்குப் பதில் இரண்டு. பொட்டுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. எதை இழுத்தாலும் மற்றது கூடவே வரும். எதுவும் பொட்டில் படாது, பட வந்தால் சொந்த இடத்துக்குத் திரும்பிவிடும். அம்பு பொட்டை நெருங்கினால் பக்கத்தில் தள்ளிவிடப்படும். நகர்ந்துகொண்டிருக்கும்போது யார் கூப்பிட்டாலும் காதில் வாங்காதே என்று ஒரு வரியும் சேர்த்தாள், ஐயாவு அவளிடம் நடந்துகொள்வது போல. அந்த ஒரு வரியில் துடிப்பு நின்றது. ஒரு பொட்டுக்காக அவள் எழுதிய வரிகள், கொழுந்துக் கணக்குக்கு எழுதியதைவிட அதிகம்.

சனிக்கிழமை துரை வந்தார். வாட்டசாட்டமான சிங்களவர். தமிழ் விளங்கும், பேசுவது சிங்களம். துரை வரும் நாளென்பதால் ஐயாவு வெற்றிலைக் கறை போக வாயை நன்றாகக் கொப்பளித்து, திருநீறு பூசிக்கொண்டு வந்து நின்றார். சுதர்ஷினி கணக்கைக் காட்டினாள். டிவிசன் வாரியாகக் கொழுந்து வந்தது. மொத்தமும் வந்தது.

துரை தலையாட்டிவிட்டு எலியைத் தானே வாங்கிக்கொண்டார். மேல் விண்டோவைப் பிடித்துக் கீழே இழுத்தார். அது நழுவித் தன் இடத்துக்கே போயிற்று. மறுபடி இழுத்தார். மறுபடி போயிற்று. அம்பைக் கொண்டுபோய் நடுவில் நிறுத்தப் பார்த்தார். அம்பு விலகி ஓடியது.

சுதர்ஷினிக்குக் கார்மெண்ட் மெசின் ஓடும் சத்தமே கேட்டது.

"என்ன இது?" என்று துரை சிங்களத்தில் கேட்டார்.

"அங்க சாமி இருக்கு சர்," என்றார் ஐயாவு, அதே சிங்களத்தில், கையைக் கட்டிக்கொண்டு.

துரை குனிந்து பொட்டைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார். இன்னொரு தடவை விண்டோவை இழுத்தார், அது திரும்பிப் போவதைப் பார்ப்பதற்காகவே.

"ஹரி," என்றார், சரி என்பதைச் சிங்களத்தில். "இந்தத் தோட்டத்துல சொன்ன இடத்துல நிக்கிறது இது ஒண்ணுதான். இந்த மிஸ்ஸை நிரந்தரமாக்குங்க."

துரை வாசல்வரை போய்த் திரும்பினார்.

"கீழ் டிவிசனுக்கும் ஒரு கம்பியூட்டர் வருது. அங்கயும் இதையே போடுங்க."

"அங்க பொட்டு இல்லீங்க சர். அந்த இடைவெளிய எடுத்திட்டு..."

"எதுக்கு எடுக்கணும்?" என்று ஐயாவு குறுக்கே வந்தார். "அங்கயும் அதே எடத்துல பொட்டு வச்சிட்டா புரோகிராம் சரியா இருக்கும் சர்."

துரைக்கு அது நியாயமாகப் பட்டது. "வைங்க," என்றார். ஐயாவு அவரை ஜீப்புவரை கொண்டுபோய் விடப் பின்னாலேயே ஓடினார்.

ஆபீஸ் கூட்டி டீ ஊற்றும் வெள்ளையம்மா, துரை குடித்த கோப்பையை எடுக்க வந்தாள். சுதர்ஷினி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, ஒரு ஒதவி. நீங்க இதுல வச்ச மாதிரியே, இதே எடத்துல, இதே அளவுல, கீழ் டிவிசன் கம்பியூட்டர்லயும் ஒரு பொட்டு வச்சுக் குடுங்க."

வெள்ளையம்மா வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது. குரலைத் தாழ்த்தினாள்.

"நான் எங்க கண்ணாடியில வச்சேன் பாப்பா? பூச அன்னிக்கு சாம்பிராணிப் பொக தாங்காம பெரிய கிளாக்கரய்யா வெத்தல வாயோட தும்முனது அது. அங்கயும் அவரத்தான் கூட்டிட்டுப் போய்த் தும்மச் சொல்லணும்."