பெரியமாமா நெற்றியில் ஒரு கிரேக்க ராஜா

‘பொணத்து நெத்திக்காசக்கூட விடமாட்டான்’ என்று தென்காசிப் பக்கம் ஒருவனைச் சொல்லிவிட்டால், அதற்கு மேல் அவனைத் திட்ட வார்த்தை இல்லை என்று பொருள். என் மனைவி வீட்டில் இப்போது அந்த வசவை யாரும் எடுப்பதில்லை. மாப்பிள்ளை மனசு புண்படுமாம். (மாப்பிள்ளை நான்தான்.)

எனக்குப் பழைய கிரேக்க வெள்ளிக்காசு சேர்க்கும் கிறுக்கு உண்டு. அலெக்சாண்டர் காசுக்கெல்லாம் வக்கில்லை. அவர் வந்துபோன பிறகு பஞ்சாப் பக்கம் துண்டு துண்டாக ஆண்ட கிரேக்க ராஜாக்கள்தான் என் கட்சி. அவர்களில் பலரைப் பற்றி வரலாற்றில் ஒரு வரி கிடையாது. மண்ணுக்குள்ளிருந்து காசு கிடைத்திராவிட்டால் அப்படி ஒருவர் பிறந்ததே தெரிந்திருக்காது. பைக் வாங்க வைத்திருந்த பணத்தில் அப்படி ஒரு ஸோயிலஸ் ராஜாவை வாங்கினேன். கட்டைவிரல் நக அளவுதான். ஒரு பக்கம் ராஜாவின் முகம். மறுபக்கம் இடியை எறிய ஓங்கி நிற்கும் பெண் தெய்வம். உள்ளங்கையில் வைத்தால் இரண்டாயிரம் வருஷம் சில்லென்று இருக்கும்.

குற்றால சீசனுக்கு மேலகரத்தில் மாமனார் வீட்டுக்குப் போனபோது ராஜாவையும் கூட்டிப்போனேன். யாரும் சீந்தவில்லை. மாமனாரின் அண்ணன், தொண்ணூறு தாண்டிய பெரியமாமா மட்டும் கண்ணருகே வைத்து வெகுநேரம் பார்த்தார்.

“யாரு மருமவனே இவுக?”

“யாருக்கும் தெரியாத ராஜா மாமா.”

“அடப் பாவமே! ராசாவா இருந்துமா?”

மறுநாள் காலை ஐந்தருவிக்குக் கிளம்பினேன். கூட்டத்தில் காசு தண்ணீரோடு போய்விடுமே என்ற முன்ஜாக்கிரதையில் (என் புத்திசாலித்தனத்தைக் கவனிக்கவும்) அதைப் பெரியமாமா கையில் கொடுத்து, “பாத்துக்கிட்டு இருங்க, வந்து வாங்கிக்கிடுதேன்” என்றேன்.

வரிசையில் நின்று குளித்து, சூடாகப் பஜ்ஜி கட்டிக்கொண்டு திரும்ப மதியமாகிவிட்டது. வாசலில் பந்தல். பெரியமாமா தூக்கத்திலேயே போய்விட்டார். நோய் நொடி இல்லாத கல்யாணச் சாவு. குளிப்பாட்டி, மாலை போட்டு நாற்காலியில் உட்கார்த்தியிருந்தார்கள். நெற்றியில் வட்டமாகச் சந்தனம். சந்தனத்தின் நடுவில் ஸோயிலஸ்.

“நெத்திக்கு ஒத்த ரூவா தேடுனோம் அத்தான்” என்று மச்சினன் விசும்பினான். “எல்லாரும் ஜிபே. ஒருத்தர்ட்டயும் சில்லறை இல்ல. பெரியப்பா கையப் பிரிச்சுப் பாத்தா, அவுகளே காசு எடுத்து வச்சிருக்காவ!”

சுடுகாட்டுக்குப் போனால் போனதுதான். டீக்கடைக்கு ஓடி, ஜிபே பண்ணி ஒரு ரூபாய்க் காசு வாங்கி வந்தேன். பெரியமாமா காலைத் தொட்டுக் கும்பிட்டேன். அப்படியே மாலையைச் சரிசெய்வதுபோல மேலே நகர்ந்தேன். சந்தனம் காய்ந்து ராஜாவைக் கெட்டியாகப் பிடித்திருந்தது. நகத்தைக் கொடுத்து நெம்பினேன்.

ஒப்பாரி பாதியில் நின்றது.

“எய்யா! மருமவன் நெத்திக்காச நோண்டுதாவளே!” என்று என் மாமியார் அலறினார்.

தெருவே என்னைப் பார்த்தது. “இல்ல அத்தை… இது ரெண்டாயிரம் வருசத்து ராஜா காசு. மாத்தி வைக்கலாம்னு…”

அத்தை என் இன்னொரு கையைப் பார்த்தார். “ராசாவ எடுத்துட்டு ஒத்த ரூவாயவா வைக்கப் பாத்திய?”

பதில் சொல்ல வாயெடுத்து, மறுபடி அந்த நெற்றியைப் பார்த்தேன். அந்தக் கிரேக்கர்களும் இறந்தவர் வாயில் வெள்ளிக்காசு வைத்து அனுப்புவார்கள். மறுகரை சேர்க்கும் படகுக்காரனுக்குக் கூலி. படித்திருக்கிறேன், அவ்வளவுதான். எங்கேயோ அடித்த காசு அதே வேலைக்காக மேலகரம் வரை நடந்து வந்திருக்கிறது. அதுவும், யாருக்கும் தெரியாத ராஜாவுக்காகப் பரிதாபப்பட்ட ஒரே மனிதரிடம். அதற்குப் பிறகு என் காசு என்று சொல்ல நாக்கு எழவில்லை. கட்டைவிரலால் ராஜாவைச் சந்தனத்தில் நன்றாக அழுத்தி வைத்தேன். இருவரும் சேர்ந்தே போனார்கள்.

இப்போது எந்தச் சாவு வீட்டில் நான் நுழைந்தாலும், “அத்தான் வாராவ, காசப் பாத்துக்கோங்க” என்று மச்சினன் கிசுகிசுப்பான். முதலில் சிரிப்பது என் மனைவி.

போன சீசனில் அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“மருமவனே, எனக்கும் ஒரு ராசா வாங்கி வச்சிருங்க.”

தலையாட்டினேன். அத்தை குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“ஆரும் அறியாத ராசால்லாம் வேண்டாம். நாலு பேருக்குத் தெரிஞ்ச ஆளாப் பாருங்க.”